கண்ணில்லா அச்சுப்பொறி

இன்று காமிரா இல்லாத வீடு இல்லை. கைக்குள் அடங்கும் டெலிபோனே காமிராவாகவும் வேலை செய்கிறது. ஆயிரம் படங்கள் அதனுள்ளே கிடக்கின்றன. ஆயினும், சுவரிலே மாட்டி மாலை சாத்துவதற்கு ஒரே ஒரு படம் வேண்டும் என்று வரும்போதுதான் நம்மிற் பலர் விழித்து நிற்கிறோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்திலே நாங்களும் அவ்வாறே விழித்து நின்றோம்.

ஐரோலியிலே மாமா வீட்டில் இருந்த எங்கள் ஆச்சி காலமானார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, பின்னர் பிள்ளைகளோடு ஐரோலிக்குக் குடிபெயர்ந்த அம்மூதாட்டிக்கு, ஸ்டூடியோவில் எடுத்த படம் என்று ஒன்றுகூட இல்லை. மாமா மகன் தன் டெலிபோனில் எடுத்த ஒரு படந்தான் இருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் அதை அச்சிட்டாக வேண்டும். வீட்டிலே இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று உண்டு. பளபளக்கும் போட்டோ பிலிம் ஒரு கட்டு வாங்கி வந்தோம். விஞ்ஞானம் படிக்கிறவன் என்பதனால் பொறுப்பு என் தலையிலே விழுந்தது. பிலிமைச் செருகினேன், பொத்தானை அழுத்தினேன், படம் வெளிவந்தது.

என்ன படம்! ஆச்சியின் கரும்பழுப்பு முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சேலையின் கறுப்புக் கரை காயாமல் பிசுபிசுத்தது. அத்தையின் விரல் பட்டதும் அந்தக் கறுப்பு கன்னம் வரையில் இழுபட்டுவிட்டது.

“ஏலே, இது யாரு? நம்ம ஆச்சி மொகமா இது?” என்று கேட்டார் அத்தை.

முதலில் பிரிண்டரை வைதோம். பிறகு பிலிமை வைதோம். இரண்டும் குற்றமற்றவை என்பது இரண்டு நாள் கழித்தே எனக்கு விளங்கிற்று. குற்றம் என்னுடையது. பொறிக்குச் சொல்ல வேண்டிய உண்மையை நான் சொல்லவில்லை. அவ்வுண்மை யாது, அதைச் சொல்லாவிடில் ஏன் இந்த அலங்கோலம் நேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மன்றத்துக் கண்காட்சிக்கும், ஊருக்கு அனுப்பவும், அறைச் சுவரில் ஒட்டவும் படம் அச்சிடும் மாணவத் தோழர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

துளியின் கதை

குழாயைச் சிறிதே திறந்து விடுங்கள். நூல் போல இறங்கும் நீர், சற்றுக் கீழே சென்றதும் முத்து முத்தாக உடைகிறதல்லவா? அது ஏன் அவ்வாறு உடைகிறது என்பதை 1878ஆம் ஆண்டில் ரேலே பிரபு என்னும் ஆங்கில விஞ்ஞானி கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்குப் பல்லாண்டு காலம் ஏட்டிலேயே இருந்தது. 1951இல் சுவீடன் நாட்டு ரூனே எல்ம்க்விஸ்ட் என்பவர், மெல்லிய குழாயிலிருந்து பீறிடும் மையைக் கொண்டு, ஓடும் தாளின்மேல் அளவுகளை வரைந்து காட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள்ளேயே பொருத்தும் பேஸ்மேக்கர் கருவியை 1958இல் செய்து கொடுத்தவரும் இவரே என்பது வியப்புக்குரிய செய்தி.

அடுத்த திருப்பம் 1977இல் ஜப்பானிலே நிகழ்ந்தது. கேனன் ஆராய்ச்சிக் கூடத்தில் இச்சிரோ எண்டோ என்பவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாக ஓர் ஊசியின் முனையிலே பட்டது. உள்ளே இருந்த மை சட்டெனத் துளியாகப் பாய்ந்து வெளியேறியது. சூடு பட்டதும் ஒரு குமிழி எழும்பி மையைத் தள்ளுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவிலே எச்.பி. நிறுவனத்தாரும் தாமாகவே இவ்வுண்மையை எட்டினர். 1984இல் திங்க்ஜெட் என்னும் பொறியை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். எப்சன் நிறுவனத்தாரின் வழி வேறு. மின்சாரம் பாய்ந்தால் உருவம் சிறிது மாறும் படிகத்தைக் கொண்டு அவர்கள் மையைப் பிதுக்கினர். இப்படிகங்களின் குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்திருந்தனர். 1994இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் கலர் என்னும் பொறி, ஓர் அங்குலத்தில் 720 புள்ளிகள் வைத்து வண்ணப் படம் அச்சிட்டது. வீட்டு மேசையில் போட்டோ அச்சிடும் காலம் அவ்வாறு பிறந்தது.

இன்றைய பொறி விடுகின்ற துளி எவ்வளவு சிறியது தெரியுமா? 2 பிகோலிட்டர் அளவுள்ள துளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் மையிலே இத்தகைய துளிகள் 50 கோடி அடங்கும். காற்றிலே பறக்கும்போது அத்துளியின் குறுக்களவு ஏறக்குறைய 16 மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்கு என்று சொல்லலாம்.

இச்சிறுமையினால் என்ன பயன் என்று கேட்கலாம். ஐரோலிக் கரையை அடுத்த தானே கிரீக் என்னும் கடற்கழியிலே ஆண்டுதோறும் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. 2015இல் அது பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலகச் சிறப்புப் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. அப்பறவைகளைப் படம் பிடிக்காத மாணவர் நம்மிடையே குறைவு. பூநாரையின் இறகு வெளிர் இளஞ்சிவப்பு. ஆனால் பொறியிலே இருப்பதோ அடர்ந்த மெஜந்தா மை. அடர்ந்த மையைக் கொண்டு வெளிர் நிறத்தைக் காட்டுவது எப்படி? துளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பதுதான் ஒரே வழி. இடையிலே தெரியும் வெண்மையையும் துளியின் சிவப்பையும் நம் கண் ஒன்றாகக் கலந்து இளஞ்சிவப்பு என்று எண்ணிக்கொள்கிறது. துளி பெரிதாயின் கண் ஏமாறாது. பறவையின் உடலிலே மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தெரியும். ஆகவேதான் துளி சிறிதாக இருத்தல் வேண்டும். ஆறு மை கொண்ட பொறிகளிலே வெளிர் மெஜந்தா, வெளிர் சயான் என்று தனி மைகளையே வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

பிலிமின் கதை

துளி பாய்ந்து சென்று விழும் இடத்தை இனிப் பார்ப்போம். சாதாரணத் தாள் என்பது மரநாரின் பின்னல். மை விழுந்ததும் நார்கள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. சிறிது பரவவும் செய்கின்றன. பிலிமின் கதை வேறு. அதன் அடித்தளம் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக். சோடா பாட்டிலின் பிளாஸ்டிக்கும் அதே வகைதான். பாட்டிலின் மேல் பேனா மையை ஊற்றினால் உறிஞ்சுமா? உருண்டு ஓடும். ஆகவே, மையை ஏற்பதற்கென்று பிலிமின் ஒரு பக்கத்திலே மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். படம் முழுவதும் அந்தப் பூச்சுக்குள்தான் வாழ்கிறது.

பிளாஸ்டிக்கின் மேல் பூச்சு என்னும் இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. உதகமண்டலத்திலே 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற பெயரால் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பியது. பிற்காலத்தில் அது மூடப்பட்டுவிட்டது. அந்தப் பிலிமிலும் பிளாஸ்டிக் தளத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு உண்டு. அப்பூச்சுக்குள் வெள்ளி உப்பு இருந்தது. ஒளி பட்டு வெள்ளி கறுத்துப் படம் உண்டாயிற்று. இன்றைய இங்க்ஜெட் பிலிமிலே வெள்ளி இல்லை. வெளியிலிருந்து வரும் மைக்கு இடங்கொடுப்பதே பூச்சின் வேலை.

இப்பூச்சு இரண்டு வகைப்படும். முதல் வகை, ஜெலட்டின் போன்ற பொருள்களால் ஆனது. ஊறவைத்த ஜவ்வரிசி போல மையைக் குடித்துத் தானும் பருக்கும், மெதுவாகக் காயும். இரண்டாம் வகை, சிலிக்கா அல்லது அலுமினாவின் நுண்துகள்களால் ஆனது. துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய துளைகளிலே மை சட்டென்று இறங்கிவிடும். தொட்டால் உடனே காய்ந்தது போலத் தோன்றும். முதல் வகை ஈரத்துக்கு அஞ்சும். இரண்டாம் வகையிலே துளை வழியே காற்று புகுமாதலால், காற்றிலுள்ள ஓசோன் சில மைகளை நாளடைவில் வெளுக்கச் செய்யும். எதை வாங்குகிறோம் என்று உறையைப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. ‘உடனே காயும்’ என்றோ ‘மைக்ரோபோரஸ்’ என்றோ குறித்திருந்தால் அது இரண்டாம் வகை.

பூச்சு எவ்வளவு மையைத் தாங்கும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பிலே ஒரு மில்லிலிட்டர் மையைச் சமமாகப் பரப்பினால் அதன் உயரம் ஒரு மைக்ரான். பூச்சின் கனம் 40 மைக்ரான் என்றும், அதிலே பாதி வெற்றிடம் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் சதுர மீட்டருக்கு 20 மில்லிலிட்டர் மைக்குத்தான் இடம் உண்டு. ஏ4 அளவுத் தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு தாள் தாங்குவது ஒன்றேகால் மில்லிலிட்டர். அதாவது கால் தேக்கரண்டி! அதற்கு மேல் ஒரு துளி விழுந்தாலும் அது போக்கிடமின்றி மேலே நிற்கும். கீழே பிளாஸ்டிக், பக்கத்திலே நிறைந்த அறைகள். பிலிமிலே அச்சிடுவதன் கடினம் எல்லாம் இந்தக் கால் தேக்கரண்டிக்குள் அடங்கியிருக்கிறது.

முதல் உண்மை

இப்போது என் பிழைக்கு வருவோம். வீட்டிலே பயன்படும் பெரும்பாலான பிரிண்டர்களுக்குத் தம்முள்ளே செருகப்பட்டது நாளிதழ்த் தாளா, பளபளக்கும் பிலிமா என்று காணும் கண் கிடையாது. நாம் சொல்வதை அது நம்புகிறது. சொல்லும் இடம் யாதெனில், அச்சிடுமுன் கம்ப்யூட்டரிலே தோன்றும் ‘பேப்பர் டைப்’ அல்லது ‘மீடியா டைப்’ என்னும் கட்டமாகும். ஒன்றும் சொல்லாமல் விட்டால், ‘பிளெயின் பேப்பர்’, அதாவது சாதாரணத் தாள் என்றே அது வைத்துக்கொள்ளும். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லினால் என்னென்ன மாறுகின்றன என்று எண்ணினால் திகைப்பே உண்டாகும். எவ்வளவு மை விடலாம், துளி பெரிதா சிறிதா, ஒரே வரியின்மேல் மைத்தலை எத்தனை முறை போய் வரவேண்டும், எந்த நிறத்துக்கு எந்த மையை எவ்வளவு கலப்பது ஆகிய எல்லாம் அந்த ஒரு கட்டத்தைப் பொறுத்தே முடிவாகின்றன. யாவற்றிலும் முக்கியமானது கறுப்பு. பல பொறிகளில் கறுப்பு மை மற்ற மைகளைப் போன்றதன்று. மஞ்சள், மெஜந்தா, சயான் மூன்றும் நீரிலே கரைந்த சாயம், பூச்சுக்குள் இறங்கிவிடும். கறுப்போ, எழுத்துத் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, கரையாத நுண்துகள்களால் செய்யப்பட்டது. சாதாரணத் தாளின் நாரிலே அத்துகள்கள் நன்றாகப் பற்றிக்கொள்ளும். பளபளப்பான பூச்சிலோ அவை உள்ளே இறங்க வழியின்றி, கோலப்பொடி போல மேலேயே தங்கிவிடும்.

ஆச்சியின் சேலைக்கரை விரலோடு வந்தது இதனால்தான். முகம் சாம்பல் பூத்ததற்கும் பாதிக் காரணம் இதுவே. பழுப்பு நிறத்திலே கலந்த கறுப்புத் துகள்கள் மேலே தங்கி ஒளியைச் சிதறடித்தன. ‘போட்டோ பேப்பர் கிளாஸி’ என்று சொல்லியிருந்தால், இத்தகைய பொறி அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மற்ற மைகளைக் கலந்தோ, போட்டோவுக்கென்று வைத்திருக்கும் சாயக் கறுப்பைக் கொண்டோ கருமையை உண்டாக்கியிருக்கும்.

பளபளப்பு என்பதே சிதறாமையினால் வருவது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். வழவழப்பான பரப்பிலே விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. பரப்பு கண்ணாடி போல இருந்தால் அந்த நாலு பங்கும் ஒரே திசையிலே போய்விடும். நாம் சற்று விலகி நின்றால் கண்ணில் படாது. கறுப்பு ஆழ்ந்த கறுப்பாகவே தெரியும். பரப்பு கரடுமுரடானால் அந்த ஒளி எத்திசையிலும் சிதறி நம் கண்ணிலும் விழுந்து கறுப்பைச் சாம்பலாக்கும். பிலிமின் சிறப்பை விலை கொடுத்து வாங்கிவிட்டு, ஒரு கட்டத்தை நிரப்பாமல் அச்சிறப்பை நானே அழித்தேன்.

வாங்கிய பிலிமின் பெயர் பட்டியலிலே இல்லையானால் என் செய்வது? உறைக்குள் வரும் துண்டுச் சீட்டிலே எந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். அதுவும் இல்லையேல் ‘கிளாஸி’ என்னும் சொல் உள்ள வகைகளிலே மை குறைவாக விடும் வகையிலிருந்து தொடங்குங்கள். இருண்ட பகுதிகளிலே மை குளம் கட்டினால், அந்த வகை நம் பிலிமுக்குப் பொருந்தாது என்று பொருள். இன்னொன்றும் மறவாதீர்கள். லேசர் பிரிண்டருக்கென்று விற்கும் பிலிமிலே இப்பூச்சு கிடையாது. அதிலே இங்க்ஜெட் மை ஒட்டாது. இங்க்ஜெட் பிலிமை லேசர் பிரிண்டரிலே செருகினாலோ, உள்ளேயிருக்கும் சூட்டு உருளையிலே பூச்சு உருகி ஒட்டிப் பொறியே பழுதாகலாம்.

பூசிய பக்கம் எது என்பதும் ஒரு கேள்வி. விரல் நுனியைச் சிறிது நனைத்துப் பிலிமின் ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் விரலோடு ஒட்டுகிறதோ அதுவே மை விழ வேண்டிய பக்கம்.

இரண்டாம் உண்மை

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது படத்தின் அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் கையிலே வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்கும். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளிகள் போதும். ஏ4 அளவுக்கு ஏறக்குறைய 2480க்கு 3508 புள்ளிகள் தேவை. டெலிபோன் எடுக்கும் மூலப்படத்திலே இவ்வளவு உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பிலே ‘போட்டோ’வாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. நீளப் பக்கத்திலே 1600 புள்ளிகளே உள்ள படத்தை ஏ4 அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 137தான் மிஞ்சும், கண்ணிமைகள் கரைந்துபோகும். ஆகவே உறவினரிடம் படம் கேட்கும்போது, ‘டாக்குமென்ட்’டாக அனுப்பும்படி கேளுங்கள்.

இந்த 300ஐயும் பிரிண்டரின் பெட்டியிலே போட்டிருக்கும் 5760 போன்ற எண்களையும் ஒன்றென்று எண்ணி மயங்கக் கூடாது. முன்னது படத்தின் புள்ளி. பின்னது மைத்துளியை எவ்வளவு நுணுக்கமாக வைக்கலாம் என்பதன் கணக்கு. படத்தின் ஒரு புள்ளியின் நிறத்தைக் காட்டப் பல துளிகள் வேண்டும். ‘குவாலிட்டி’ என்னும் இடத்திலே ‘ஹை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஹை ஸ்பீட்’ அல்லது ‘பை-டைரெக்ஷனல்’ என்னும் கட்டத்திலே குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். அக்குறி இருந்தால் மைத்தலை போகும்போதும் வரும்போதும் அச்சிடும். எடுத்துவிட்டால் ஒரு திசையிலே மட்டும் அச்சிடும். நேரம் கூடும், ஆனால் துளிகள் வரிசை பிறழாமல் விழும், முந்தைய வரி காயவும் அவகாசம் கிடைக்கும்.

மூன்றாம் உண்மை

இனி நிறத்துக்கு வருவோம். கம்ப்யூட்டரின் திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. பிரிண்டர் மையைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஒன்றன் மொழியை மற்றொன்றுக்கு மொழிபெயர்த்தல் வேண்டும். இதற்காகவே 1993இல் ஐ.சி.சி. என்னும் சர்வதேச அமைப்புத் தோன்றியது. இன்ன பிரிண்டரிலே, இன்ன மையிலே, இன்ன தாளிலே இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் விழும் என்று கூறும் அட்டவணைக்கு ‘புரொஃபைல்’ என்று பெயர். 1996இல் வந்த எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது மொழியிலேதான் சாதாரண டெலிபோன் படங்கள் பல இன்றும் சேமிக்கப்படுகின்றன.

மொழிபெயர்ப்பை ஒருவர்தான் செய்ய வேண்டும். படத்தைத் திறந்து காட்டும் புரோகிராமும் செய்து, பிரிண்டரும் செய்தால், இரண்டு சமையற்காரர்கள் ஒருவர்க்குத் தெரியாமல் ஒருவர் சாம்பாருக்கு உப்புப் போட்ட கதையாகும். பிலிமுக்கென்று புரொஃபைல் இருந்தால் புரோகிராமிடம் பொறுப்பை ஒப்படைத்து, பிரிண்டரின் வண்ணத் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் பிரிண்டரிடமே விட்டுவிட்டுப் புரோகிராமைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

ஆனால் பிரிண்டரிடம் விடும்போது ஓர் எச்சரிக்கை. ‘போட்டோ என்ஹான்ஸ்’, ‘ஆட்டோ போட்டோ ஃபிக்ஸ்’ என்றெல்லாம் பெயர் கொண்ட தானியங்கித் திருத்தங்கள் பல பொறிகளில் உண்டு. படத்திலே முகம் எங்கே இருக்கிறது என்று அவை தேடும். முகம் இருண்டிருந்தால், நிழலிலே எடுத்த படம் போலும் என்று கருதி வெளிச்சமாக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றவர் படத்துக்கு இஃது உதவியே. ஆனால் எங்கள் ஆச்சி நிழலிலே நிற்கவில்லை. அவர் நிறமே அது. சாம்பல் பூத்ததன் மறு பாதிக் காரணம் இத்திருத்தந்தான்.

இதற்குப் பின்னே ஒரு பழைய கதையும் உண்டு. 1950களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் கோடக் நிறுவனம், வண்ணப் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதிலே இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். முதலில் இருந்தவரின் பெயரால் அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்றே பெயர் நிலைத்தது. அவர் முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது வழக்கம். கறுத்த முகங்கள் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. லோர்னா ராத் என்னும் கனடிய ஆய்வாளர் இக்கதையை 2009இல் விரிவாக எழுதினார். பழுப்பு நிறங்களின் நுண்ணிய வேறுபாடு பிலிமிலே விழவில்லை என்று மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் முறையிட்டமை, பிலிமைத் திருத்துவதற்கு ஒரு தூண்டுதலாயிற்று என்று அதிலே காண்கிறோம். நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் மனித முகத்துக்கு அதுவரை கிடைக்கவில்லை!

அந்தப் பழியை இன்றைய பிரிண்டரின் மேல் அப்படியே ஏற்றுவது முறையன்று. ஆனால் அதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. தானாகத் திருத்தும் எந்தக் கருவியும், சரியான முகம் எப்படி இருக்கும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்ததை வைத்துத்தான் திருத்துகிறது. அந்த முடிவு நம் வீட்டு முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் கடமை. ஆகவே அந்தத் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

கரும்பழுப்பு நிறம் அச்சிடுவதற்கு எளிதன்று. மஞ்சளும் மெஜந்தாவும் மிகுதியாகவும், சயான் சிறிதளவும் கலந்து அது பிறக்கிறது. சயான் சற்று மிஞ்சினால் முகம் பச்சை பாரிக்கும். மெஜந்தா மிஞ்சினால் செம்மண் ஆகும். எனவே முழுத் தாளிலே முதலில் அச்சிடாதீர்கள். ஒரே முகத்தைச் சிறிதாக்கி, ஒரே தாளிலே ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நிற அளவைச் சிறிது மாற்றி அச்சிடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அளவைக் குறித்து வையுங்கள். காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்திலே பாருங்கள். டியூப் லைட்டின் கீழே பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டரின் திரை வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்து வையுங்கள். மிகப் பிரகாசமான திரையிலே அழகாகத் தோன்றும் படம் அச்சிலே இருண்டு வருவது வழக்கம்.

மழைக்காலத்து எச்சரிக்கை

எல்லாம் சரியாகச் சொல்லியும், எங்கள் இரண்டாவது படம் விடியும்வரை பிசுபிசுத்தது. காரணம் ஆடி மாதம்! ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பம்பாய்ப் பக்கத்துக் காற்று நீரைச் சுமந்து திரிகிறது. ஐரோலியோ கடற்கழியின் ஓரத்திலேயே இருக்கிறது. ஜெலட்டின் வகைப் பூச்சு, மை விழுமுன்னரே காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடுகிறது. கால் தேக்கரண்டி இடத்திலே ஒரு பகுதி அப்போதே நிறைந்துவிடுகிறது. ஆகவே கட்டைப் பிரித்ததும் மீதியை உறையிலிட்டுக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். தேவையான தாளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். மழை நாளிலே துளை வகைப் பூச்சுள்ள பிலிமே மேல்.

அச்சிட்ட படத்தைத் தட்டையாக வைத்து, சிறிது நேரம் கழித்து, மேலே ஒரு சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். தொடுவதற்குக் காய்ந்தது போல இருந்தாலும் மையிலே கலந்துள்ள மெல்ல ஆவியாகும் திரவங்கள் உள்ளேயே இருக்கும். அவசரப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால், அவை வெளியேறிக் கண்ணாடியின் உட்புறத்திலே பனி போலப் படியும். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டைக் கரை ஒன்று வைக்கச் சொல்லுங்கள்; நேராக ஒட்டினால் ஈரக் காலத்திலே படம் கண்ணாடியோடு பற்றிக்கொள்ளும். எதிர் வெயில் படும் சுவரிலே மாட்டாதீர்கள். மூலப்படத்தை இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள். மை ஒரு நாள் வெளுக்கும், மறுபடி அச்சிட வேண்டி வரும்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால் வரிசை இதுவாகும்: முதலில் ‘நாசில் செக்’ செய்து மைத்தலையில் அடைப்பில்லை என்று பாருங்கள். அடுத்துப் பூசிய பக்கம் எது என்று அறியுங்கள். பின்னர்த் தாளின் வகை, தரம், அளவு, நிறப் பொறுப்பு ஆகிய நான்கையும் பொறிக்கு உண்மையாகச் சொல்லுங்கள். தானியங்கித் திருத்தத்தை நிறுத்துங்கள். சிறு படங்களாகச் சோதித்துப் பாருங்கள். அதன் பிறகே பெரிய தாளைச் செருகுங்கள்.

நாங்கள் இவ்வரிசையைக் கற்றுக்கொள்வதற்குள் ஐந்து தாள்கள் வீணாயின. பதினான்காம் நாள் இரவிலே ஆறாவது தாள் வெளிவந்தது. அத்தையிடம் காட்டினேன். இம்முறை அவர் விரலால் தொடவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆமா, இந்த நெறந்தான்” என்று மட்டும் சொன்னார். அந்தப் படம் இப்போது ஐரோலி வீட்டுக் கூடத்திலே இருக்கிறது.

அந்தப் பிரிண்டர் முன்னரும் இப்படி அச்சிட வல்லதாகவே இருந்தது, பிலிமும் அப்படியே. எதன்மேல் அச்சிடுகிறோம், யாரை அச்சிடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம். தெரிந்ததைச் சொல்லாமல் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் பொறியைப் பழிப்பது விஞ்ஞானம் படிப்போர்க்கு அழகன்று. ஊரிலே, தாராவியிலே, ஐரோலியிலே நம் பெரியவர்கள் பலருக்கு நல்ல படம் ஒன்றும் இருக்காது. இந்த விடுமுறையிலே போகும்போது, அவர்கள் இருக்கும்போதே, வாசல் வெளிச்சத்திலே அமர வைத்து ஒரு படம் எடுங்கள். அவர்கள் நிறம் அவர்கள் நிறமாகவே விழும்படி அச்சிட்டு, அவர்கள் கையிலேயே கொடுங்கள்.